31 நாள் இன்சூரன்ஸ் இல்லாதபோது வந்த 61,872 டாலர் பில்: நியூ ஜெர்சி சட்டம் எங்களைக் காப்பாற்றுமா?

எடிசன்காரன் | ஜனவரி 9

வணக்கம். விவரம் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். எச்1பி விசாவில் ஒரு கன்சல்டிங் கம்பெனி மூலமாக வேலை பார்த்து வந்தேன். செப்டம்பர் கடைசியில் புராஜெக்ட் முடிந்தது, வேலையும் போனது. 30ஆம் தேதியோடு இன்சூரன்ஸும் நின்றுவிட்டது. நல்லவேளையாக அக்டோபர் 20இல் வேறு வேலை கிடைத்தது. ஆனால் அங்கே இன்சூரன்ஸ் நவம்பர் 1இல் இருந்துதான். நடுவில் 31 நாள் எங்களுக்கு எதுவுமே இல்லை.

அக்டோபர் 14 ராத்திரி மனைவிக்கு வயிற்று வலி. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். "காலையில் பார்த்துக்கலாம், ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம், இன்சூரன்ஸ் இல்லையே" என்று அவள்தான் சொன்னாள். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் சமையலறைத் தரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். மேல்வீட்டு அக்காவை எழுப்பிப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு எமர்ஜென்சிக்கு ஓடினோம். அப்பெண்டிக்ஸ், வெடிக்கிற நிலை. ஸ்கேன், விடியற்காலையில் அறுவை சிகிச்சை, இரண்டு இரவு தங்கல். இப்போது நன்றாக இருக்கிறாள், அதற்கு மருத்துவமனைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நவம்பர் 5 தேதியிட்ட முதல் பில் வந்தது: 61,872 டாலர் 40 சென்ட். அப்புறம் தனித்தனியாக சர்ஜனுக்கு 4,900, மயக்க மருந்து டாக்டருக்கு 2,310, ஸ்கேன் படித்த ரேடியாலஜி குழுவுக்கு 415. பில்லிங் ஆபீசில் இருந்து அழைத்து, மாதம் 1,720 டாலர் வீதம் 36 மாதம் கட்டச் சொல்கிறார்கள். முடியாது என்றால் மருத்துவச் செலவுக்கென்றே ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, அதில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இரண்டும் வேண்டாமென்றால் கடன் வசூலிக்கும் ஏஜென்சிக்கு, அதாவது கலெக்‌ஷனுக்குப் போய்விடுமாம்.

பழைய கம்பெனியில் இருந்து கோப்ரா (வேலை போனாலும் பழைய இன்சூரன்ஸை நாமே பணம் கட்டித் தொடரும் வசதி) கடிதம் வந்தது உண்மை. குடும்பத்துக்கு மாதம் 2,184 டாலர். புது வேலை கிடைத்துவிட்டதே, இது எதற்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். 60 நாளுக்குள் சேர்ந்தால் இன்சூரன்ஸ் நின்ற தேதியில் இருந்தே செல்லும் என்று போன வாரம்தான் தெரிந்தது. கெடு டிசம்பர் 19ஓடு முடிந்துவிட்டது. அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

கடந்த 12 மாத வருமானம் சுமார் 84,000. வங்கியில் அன்றைக்கு இருந்தது 17,600. கேட்க வேண்டியது மூன்று: கலெக்‌ஷனுக்குப் போனால் கிரெடிட் ஸ்கோர் போய்விடுமா? சம்பளத்தில் பிடிப்பார்களா? இந்தத் தொகையைக் குறைக்க வழி ஏதாவது இருக்கிறதா? மனைவி தன்னால்தான் இவ்வளவு கடன் வந்தது என்று ராத்திரியில் தூங்காமல் கிடக்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குயின்ஸ்_வாசகர் | ஜனவரி 9

முதலில் ஒன்று. அந்தக் கார்டை வாங்காதீர்கள், உங்களிடம் இருக்கும் வேறு எந்தக் கார்டிலும் இதைத் தேய்க்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டிய பணமாக இருக்கும்வரைதான் அது மருத்துவக் கடன். கார்டில் ஏறிவிட்டால் அது சாதாரணக் கார்டு கடன், வட்டியும் அந்த வட்டிதான். பிறகு மருத்துவக் கடன் சட்டம் என்று பேசுவதற்கு இடமே இருக்காது.

நான் நியூயார்க். இங்கே 2022இல் மருத்துவக் கடனுக்காக வீட்டைக் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைப்பதையும் சம்பளத்தில் பிடிப்பதையும் தடை செய்தார்கள். 2023 டிசம்பரில் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றுவதையும் தடுத்து ஆளுநர் ஹோக்கல் கையெழுத்துப் போட்டார். உங்கள் மாநிலத்திலும் இதேபோல ஒன்று உண்டு, விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.


பெருங்குடி_இரவுப்பணி | ஜனவரி 10

தம்பி, முதலில் உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுங்கள்: 61,872 என்பது யாருமே கட்டாத விலை. நான் பொறுப்போடுதான் சொல்கிறேன். சென்னையில் பெருங்குடியில் எட்டு வருஷம் ஏ.ஆர். காலிங் செய்தேன். சாயங்காலம் ஆறரைக்கு கேப் ஏறினால் விடியற்காலை மூன்றரைக்குத்தான் இறக்கி விடுவார்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பணம் ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் வேலை. அப்புறம் பேமென்ட் போஸ்டிங்குக்கு, அதாவது வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றும் வேலைக்கு மாறினேன். இப்போது கல்யாணமாகி இதே நியூ ஜெர்சியில் ஒரு டாக்டர் கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன்.

போஸ்டிங்கில் என்ன நடக்கும் தெரியுமா? மருத்துவமனை நாற்பதாயிரம் டாலர் என்று பில் அனுப்பியிருக்கும். இன்சூரன்ஸ் ஒன்பதாயிரம்தான் ஒத்துக்கொண்டோம் என்று அனுப்பும். மீதி முப்பத்தோராயிரத்துக்கு சிஓ 45 என்று ஒரு குறியீடு. ஒப்பந்த விலைக்கு மேலே இருப்பது என்று அர்த்தம். அதை நான் ஒரு கீயைத் தட்டித் தள்ளுபடி செய்வேன். ஒரு ராத்திரியில் அப்படி எத்தனையோ லட்சம் டாலர் என் விரலில் போயிருக்கிறது. யாரும் கேட்டதில்லை. அதே பட்டியல் விலை இன்சூரன்ஸ் இல்லாதவருக்குப் போகும்போது மட்டும் முழுத்தொகையும் அப்படியே கடனாகிவிடும். எங்கள் தளத்திலேயே அடுத்த வரிசையில் செல்ஃப்-பே டீம், அதாவது இன்சூரன்ஸ் இல்லாமல் தாமே கட்டுகிறவர்களைப் பார்க்கும் டீம் இருந்தது. 30, 60, 90, 120 நாள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். 120ஐத் தாண்டினால் பேட் டெட் (வாராக் கடன்), கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு ஃபைல் போகும். அந்த ஃபைலில் பெயரும் தொகையும்தான் இருக்கும், சமையலறைத் தரையில் படுத்திருந்தது இருக்காது. இது அப்போதே என் மனதை அறுத்த விஷயம், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். உங்களுக்கு மூன்று அடுக்காகப் பாதுகாப்பு இருக்கிறது.

2008இல் நியூ ஜெர்சி போட்ட சட்டம் ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் இல்லாத நியூ ஜெர்சிவாசி, குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 500 சதவீதத்துக்குக் கீழே என்றால், மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) கொடுக்கும் விலையில் 115 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனை கேட்கக் கூடாது. 2025க்கு நான்கு பேர் குடும்பத்துக்கு வறுமைக் கோடு 32,150 டாலர். அதில் 500 சதவீதம் 1,60,750. உங்கள் 84,000 அதற்கு வெகு கீழே. ஆகவே 61,872 என்று உங்களிடம் கேட்டதே தவறு. அவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், வருமானம் தெரியாமல் சிஸ்டம் பட்டியல் விலையை அச்சடித்துவிடும். ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் யாரும் தாமாகத் திருத்த மாட்டார்கள்.

அதைவிட நல்லது சாரிட்டி கேர். பெயரைப் பார்த்து "தர்மம் வாங்குவதா" என்று ஒதுங்காதீர்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். அது மாநில அரசின் திட்டம், விசா வகையைப் பார்த்து மறுக்க மாட்டார்கள். வருமானம் வறுமைக் கோட்டின் 200 சதவீதம்வரை என்றால் முழுவதும் இலவசம். 200இல் இருந்து 300வரை படிப்படியாகக் கட்ட வேண்டும். நீங்கள் 261 சதவீதத்தில் வருகிறீர்கள். 250 முதல் 275 வரையுள்ள படியில் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) விலையில் 60 சதவீதம் கட்டினால் போதும். கவனியுங்கள், பட்டியல் விலையில் 60 இல்லை, மெடிகெய்ட் விலையில். அது மெடிகேரைவிடக் குறைவு.

இதில் ஒரு சிக்கல் உங்களுக்கு இருக்கிறது. குடும்பத்தின் சேமிப்பு சிகிச்சை நாளில் 15,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்களிடம் 17,600 இருந்தது என்கிறீர்கள். பயப்பட வேண்டாம். அதிகமாக இருக்கும் 2,600ஐ இதே சிகிச்சையின் செலவுக்குக் கட்டிவிட்டு ரசீதைக் காட்டினால் தகுதிக்குள் வந்துவிடலாம், விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. சாரிட்டி கேர் மருத்துவமனையின் பில்லுக்கு மட்டும்தான். சர்ஜன், மயக்க மருந்து, ரேடியாலஜி எல்லாம் தனி. ஆகவே சர்ஜன் ஆபீசைக் கூப்பிட்டு, இன்சூரன்ஸ் இல்லை, மொத்தமாகக் கட்டுகிறேன், எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். கொடுப்பதை அங்கே கொடுத்து ரசீதை வாங்குங்கள். ஆனால் முதலில் சாரிட்டி கேர் ஆபீசில் அந்த ரசீதை ஏற்பார்களா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் கட்டுங்கள்.

மூன்றாவதுதான் உங்கள் கலெக்‌ஷன் பயத்துக்குப் பதில். லூயிசா கார்மன் மருத்துவக் கடன் நிவாரணச் சட்டம். 2024 ஜூலை 22இல் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டார். லூயிசா கார்மன் அவருடைய அலுவலகத்தில் வேலை செய்த இளம்பெண், அந்த வருஷத் தொடக்கத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். இந்தச் சட்டத்துக்காக உழைத்தவர் என்பதால் அவர் பெயரையே வைத்தார்கள். இதன்படி மருத்துவக் கடனைக் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றக் கூடாது. வட்டி வருஷத்துக்கு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் பில் அனுப்பி 120 நாள்வரை கலெக்‌ஷன் நடவடிக்கை கூடாது, அதற்குள் நியாயமான தவணைத் திட்டம் கொடுத்தாக வேண்டும். வருமானம் வறுமைக் கோட்டின் 600 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரின் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. நான்கு பேருக்கு அது 1,92,900 டாலர். உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

உங்கள் முதல் பில் நவம்பர் 5. அதிலிருந்து 120 நாள் என்றால் மார்ச் 5. ஜனவரியிலேயே கலெக்‌ஷன் என்று மிரட்டுவது எப்படிச் செல்லும்? இன்னொன்று, மருத்துவமனை லாப நோக்கற்றதாக இருந்தால் கூட்டாட்சி வரிச் சட்டப்படி முதல் பில்லில் இருந்து 240 நாள்வரை உதவி விண்ணப்பத்தை வாங்கியே ஆக வேண்டும். ஜூலை தொடக்கம்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டு ஐட்டமைஸ்டு பில் (ஒவ்வொரு செலவையும் தனி வரியாகக் காட்டும் பில்) கேளுங்கள், ஒவ்வொரு சிகிச்சைக்கும் உள்ள சி.பி.டி குறியீட்டு எண்களோடு. வந்ததும் உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். 44970 என்பது துளை வழி அப்பெண்டிக்ஸ் அறுவை. 74177 என்பது வயிற்று சி.டி. ஸ்கேன், மருந்து ஏற்றி எடுப்பது. 99285 எமர்ஜென்சியில் ஆக உயர்ந்த நிலை. ஒரே எண் ஒரே தேதியில் இரண்டு தடவை வந்திருக்கிறதா பாருங்கள். பேசுகிறவர் பெயர், நேரம், கூப்பிட்டதற்கான எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் ஒவ்வொரு காலுக்கும் எழுதுவோம், நீங்களும் எழுதினால்தான் சமமாகப் பேச முடியும்.


எடிசன்காரன் | ஜனவரி 10

அக்கா, இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 600 சதவீதம் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரும்ப வாசிக்கச் சொன்னாள். ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: கிரெடிட் ரிப்போர்ட் விஷயத்தில் மாநிலச் சட்டம் இனிச் செல்லாது என்று எங்கேயோ படித்தேனே?


ஹியூஸ்டன்_சுந்தர் | ஜனவரி 11

அதற்கு நான் பதில் சொல்கிறேன், அதில் அடிபட்டவன் நான். 2025 ஜனவரியில் கூட்டாட்சி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நாடு முழுவதற்கும் மருத்துவக் கடனைக் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருந்து எடுக்க விதி போட்டது. சுமார் 1.5 கோடிப் பேரின் 4,900 கோடி டாலர் கடன் நீங்கும் என்றார்கள். அமலுக்கு வரும் முன்பே, அதே வருஷம் ஜூலையில் எங்கள் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அக்டோபரில் அதே அமைப்பு, இப்போது வேறு தலைமையின் கீழ், மாநிலங்கள் இதில் தலையிட முடியாது என்று தன் விளக்கத்தை வெளியிட்டது. நீங்கள் படித்தது அதுதான். அது ஒரு விளக்கம்தான், அதனால் நியூ ஜெர்சி சட்டம் சட்டப் புத்தகத்தில் இருந்து போய்விடவில்லை. சம்பளம், வட்டி, 120 நாள் இவற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டெக்சாஸில் அப்படி ஒரு தடை இல்லை. என் மகனுக்குக் கை எலும்பு விலகியபோது வந்த பில்லில் 1,340 டாலர், வீடு மாறியதால் கடிதம் வராமல் விட்டுப்போயிற்று. கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனங்கள் 2023 ஏப்ரலில் இருந்து 500 டாலருக்குக் கீழுள்ள மருத்துவக் கடனைக் காட்டுவதில்லை, ஒரு வருஷம் ஆகாததையும் காட்டுவதில்லை. என்னுடையது இரண்டு வரம்பையும் தாண்டியது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டி முடித்து, அது நீங்கும்வரை காத்திருந்ததில் நாங்கள் பார்த்து வைத்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. இங்கே ஒரே ஆறுதல், சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தில் பிடிக்க டெக்சாஸ் அரசியலமைப்பே இடம் தராது.

நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், அந்தச் சட்டத்தை முழுவதும் பயன்படுத்துங்கள் தம்பி. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.


டென்வர்_மலைச்சாரல் | ஜனவரி 12

கொலராடோ எப்படி என்று சொன்னால் பிறருக்கும் உதவும். 2024 ஜனவரியில் பனியில் வழுக்கிக் கணுக்கால் உடைந்தது. அப்போது ஊபர் ஓட்டிக்கொண்டிருந்தேன், இன்சூரன்ஸ் கிடையாது. இங்கே 2022 செப்டம்பரில் இருந்து ஒரு சட்டம்: இன்சூரன்ஸ் இல்லாதவர் வந்தால் உதவிக்குத் தகுதி உண்டா என்று மருத்துவமனையே பார்க்க வேண்டும். வறுமைக் கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருந்தால் மாதத் தவணை மருத்துவமனைக்கு மாத வருமானத்தில் 4 சதவீதம், தனியாக பில் போடும் டாக்டருக்கு 2 சதவீதம், அவ்வளவுதான். 36 மாதம் கட்டினால் கணக்கு முடிந்தது, மீதியைக் கேட்கக் கூடாது.

நாங்கள் மூன்று பேர், மாதம் 5,200 வருமானம். மருத்துவமனைக்கு 208, எலும்பு டாக்டருக்கு 104. பிளேட் வைத்த காலோடு படுத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. கடைசித் தவணை எந்த மாதம் என்று தாளிலேயே இருந்ததை என் மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். எத்தனை ஆயிரம் என்பதைவிட, எப்போது முடியும் என்று தெரிவதுதான் எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. எடிசன் சகோ, தவணை பேசும்போது முடியும் தேதியை எழுத்தில் வாங்குங்கள்.


எடிசன்காரன் | பிப்ரவரி 24

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐட்டமைஸ்டு பில் கேட்டு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கடைசியில் ஒன்பது பக்கம் வந்தது. நானும் மனைவியும் பிள்ளைகள் தூங்கியதும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, அவள் வாசிக்க நான் நோட்டில் குறித்தேன். நான்காம் பக்கத்தில் 74177, அதே அக்டோபர் 15, இரண்டு வரி. ஒவ்வொன்றும் 8,214 டாலர். "ஒரு தடவைதான் அந்த மெஷினுக்குள் போனேன், உடம்பெல்லாம் சூடாக ஏறியது, அது எப்படி மறக்கும்" என்றாள் அவள். எழுதிக் கொடுத்ததும் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள்.

சாரிட்டி கேர் ஆபீஸ் மருத்துவமனையின் தரைத்தளத்திலேயே இருக்கிறது. பில்லிங்கில் இருந்து அழைத்தவர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அங்கே இருந்த பெண்மணி மிகவும் பொறுமையாகப் பேசினார். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், நான்கு பேரின் பாஸ்போர்ட் கேட்டார். சேமிப்பு விஷயத்தைக் கேட்டேன், அக்கா சொன்னபடியே சர்ஜன் ரசீதை ஏற்பதாகச் சொன்னார். சர்ஜன் ஆபீசில் 4,900ஐ 2,750 ஆக்கினார்கள். அன்றே கட்டி ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. மருத்துவமனைக்கு நாங்கள் கட்ட வேண்டியது 4,118 டாலர். மாதம் 172 வீதம் 24 மாதம், வட்டி இல்லை, கடைசி மாதம் எது என்று எழுத்தில் வாங்கிவிட்டேன், டென்வர் சகோ. ரேடியாலஜிக்கு 415இல் 250 கட்டி முடித்தாயிற்று.

மயக்க மருந்து பில் மட்டும் பாக்கி. அவர்கள் 2,310இல் ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டோம் என்கிறார்கள். அக்கா, அவர்களிடம் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?


பெருங்குடி_இரவுப்பணி | பிப்ரவரி 24

4,118! படித்துவிட்டு ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். உங்கள் மனைவியிடம் என் அன்பைச் சொல்லுங்கள், அந்த ஸ்கேன் வரியைப் பிடித்தது அவர்தான்.

மயக்க மருந்துக்காரர்களிடம் ஃபோனில் பேசாதீர்கள், கடிதம் போடுங்கள். மருத்துவமனை கொடுத்த சாரிட்டி கேர் முடிவுக் கடிதத்தின் நகலை வையுங்கள். வருமானம் ஒரு குழுவால் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது என்று அதைப் பார்த்தாலே தெரியும், பல குழுக்கள் அதற்குமேல் வாதாடுவதில்லை. மயக்க மருந்து கொடுத்த நேரத்துக்கு மெடிகேர் என்ன கொடுக்கும், அதை ஒட்டிக் கட்டத் தயார் என்று எழுதுங்கள். 3 சதவீத வட்டி வரம்பும் 120 நாளும் அவர்களுக்கும் பொருந்தும், அதையும் ஒரு வரி சேருங்கள். பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். அனஸ்தீசியா ரெக்கார்டில் ஆரம்பித்த நேரமும் முடிந்த நேரமும் இருக்கும், அவர்கள் 15 நிமிஷத்துக்கு ஒரு யூனிட் என்று கணக்குப் போடுவார்கள். அந்தத் தாளையும் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள், யூனிட் சரியா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.